நானூறு வருடத்து மஞ்சள்

தேம்ஸ் ஆறு எப்போது என் கடைக்குள் வரும் என்பதற்கு அச்சடித்த அட்டவணை இருக்கிறது. ஸ்வான்ஹைத் ரயில் நிலையத்திலும் ஓர் அட்டவணை உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் வேலைக்குப் போவதில்லை. ஆறு சொன்ன நேரத்துக்கு வரும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த ஒன்றிரண்டு நாளில் கடல் பெருகி ஆற்றை மேலே தள்ளும். தண்ணீர் படித்துறையில் ஏறி, வீதியைக் கடந்து, என் வாசற்படியில் வந்து நிற்கும். பங்குனியிலும் ஐப்பசியிலும் நிற்காமல் உள்ளே வந்துவிடும்.

என் பெயர் ஞானரட்ணம். பதினாறு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். முன்தட்டில் பால், கோதுமைப் பாண், பேப்பர். பின்தட்டில் மரவள்ளிக்கிழங்கும் கறிவேப்பிலையும். ஸ்வான்ஹைத் லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது என்று இந்த ஊரவரிடம் சொல்லிவிடக்கூடாது. லண்டன்தான் தங்கள் ஊரின் ஓரத்தில் இருக்கிறது என்பார்கள். அவ்வளவு பழமை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு நீலப் பலகை தொங்கும். இந்தத் தொட்டியில் ஓர் அரசரின் குதிரை தண்ணீர் குடித்தது. இந்த வீட்டில் ஒரு பிரபு மூன்று நாள் மூக்கொழுகும் தடிமனோடு படுத்திருந்தார். இந்த வாங்கில் ஒரு சீமாட்டி உட்கார நினைத்து, பிறகு உட்காரவில்லை. உட்காராததற்கும் பலகை வைத்த ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

என் மனைவி தவநாயகிக்குப் போன வருடம் வைகாசியில் இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை நடந்தது. படியேற முடியாது என்பதால் மேல்மாடியில் இருந்த கட்டிலைக் கடையின் பின்னறைக்கு இறக்கினேன். ஐப்பசியில் ஒரு பின்னேரம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது ஆறு உள்ளே வந்தது. கட்டிலால் காலை இறக்கியவள் கணுக்கால் அளவு தண்ணீரில் வழுக்கி, ஃபிரீசரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இந்த முறை தப்பியது அதிர்ஷ்டம், இன்னொரு முறை விழுந்தால் பிறகு சக்கர நாற்காலிதான் என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு தடுப்புப் பலகை. இரண்டரை அடி உயர அலுமினியப் பலகை. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கீழே பக்கத்துக்கொரு சட்டம், ஒரு சட்டத்துக்கு நான்கு திருகாணி. தண்ணீர் வரும்போது பலகையை இறக்குவது, போனதும் எடுத்துவிடுவது. குட்மேய்ஸில் இருக்கிற என் மைத்துனன் பிரவீணன் கட்டட வேலை செய்கிறவன். ஒரு மணித்தியாலத்தில் பூட்டித் தருகிறேன் என்றான். நான்தான் சட்டத்துக்கு மரியாதை கொடுக்கிற மனிதனாயிற்றே, முதலில் கவுன்சிலிடம் கேட்போம் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்து இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

கவுன்சில் முப்பத்தொரு பக்கப் படிவம் அனுப்பியது. பதினான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த மாற்றத்தால் பாதிக்கப்படப்போவது யார்? நான் "தண்ணீர்" என்று எழுதினேன். இரண்டு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. தண்ணீரின் தரப்புக் கருத்து இணைக்கப்படவில்லை என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். கூடவே ஓர் அறிவித்தல்: கட்டடம் பழைய பகுதியில் இருப்பதால் ஸ்வான்ஹைத் ஆற்றங்கரைப் பாரம்பரியச் சபை வந்து பார்வையிடும்.

ஆறு பேர் வந்தார்கள். தலைவி ஆஷ்கோம்ப் அம்மையார். அவருடைய வீடு மேட்டில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. ஆறு அவருடைய வீட்டை இதுவரை பார்த்ததில்லை. தவநாயகி கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நன்றி சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு, நிலையில் சாயவேண்டாம் என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அம்மையார் உண்மையான இரக்கத்தோடு கேட்டார். பிறகு, "முழங்கால்களை இப்போது மாற்றிவிடுகிறார்கள், மிஸ்டர் ஞானா. இந்த நிலை ஓக் மரம். இதை மாற்ற முடியாது," என்றார்.

அப்போதுதான் சபையின் செயலாளர் அதைக் கண்டார். நிலையின் இடது பக்கம், ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், மூன்று விரலால் இழுத்த மஞ்சள் கோடுகள், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. ஆறு பேரும் அதன் முன்னால் கூடினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அம்மையார் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மூக்கு உரசுமளவுக்குக் கிட்டப் போனார்.

நான் அதை விளக்கினேன். கடை திறந்த தையில் தவநாயகி வாசலுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பழையதன் மேலேயே புதிதாக வைக்கிறாள். எங்கள் ஆட்கள் எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். அம்மையார் நெஞ்சில் கைவைத்து, என்ன அழகான நம்பிக்கை என்றார். செயலாளர் அதை "வாய்வழிக் கதைகள்" என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து டொக்டர் பெம்பர்டன் என்கிற மரக்கறை நிபுணர் எழுதிய ஆய்வறிக்கை வந்தது. கறையை ஊசிமுனையளவு சுரண்டி எடுத்துப்போய் உருப்பெருக்கியில் பார்த்ததில் பதினாறு அடுக்குகள் இருந்தனவாம். ஓர் அடுக்கு ஒரு தலைமுறை. ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம். ஆகவே முதல் அடுக்கு 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்வான்ஹைத் படகோட்டிகள் தந்தைக்குப் பின் மகனாக இந்த வாசலில் தங்கள் குறியைப் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். நானும் பதினாறு அடுக்குத்தான் சொன்னேன், ஒரு பொங்கலுக்கு ஓர் அடுக்கு. என்னுடைய கணக்கில் நிபுணர் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கறையில் இருப்பது மஞ்சள் என்பதையும் அறிக்கை ஒப்புக்கொண்டது. அதைப் படித்ததும் நான் சந்தோசப்பட்டு எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த வரியில், மஞ்சள் காணப்படுவதே படகோட்டிகளுக்கும் கீழைத்தேயக் கப்பல்களுக்கும் இருந்த உறவுக்கு மறுக்கமுடியாத சான்று என்று இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். பின்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் தூள் பைக்கற்றை எடுத்துக்கொண்டு சபையின் அருங்காட்சியகத்துக்கு நேரே போனேன். இதுதான் அது, முகர்ந்து பாருங்கள் என்றேன். முகர்ந்து பார்த்தார்கள். அடுத்த கிழமை அந்தப் பைக்கற் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. "ஒப்பீட்டுப் பொருள். உள்ளூர் வியாபாரி ஒருவரின் அன்பளிப்பு" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

பிறகு முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. தடுப்புப் பலகை மறுக்கப்பட்டது, நிலை மரத்தில் திருகாணி போடக்கூடாதாம். குறி இருப்பது ஐந்தடியில், என் சட்டம் வரப்போவது கீழே என்று எழுதினேன். பார்வையாளரின் கண் கீழிருந்து மேலே ஓடும்போது தடக்கும் என்று பதில் வந்தது. சரி, மண்மூட்டையாவது அடுக்கலாமா என்று கேட்டேன். மண்மூட்டை யுத்தகாலத்துக்கு உரியது, நூற்றாண்டுகளைக் கலக்கக்கூடாது என்றார்கள். காலத்துக்குப் பொருத்தமாகக் களிமண்ணும் வைக்கோலும் குழைத்து வாசலை அடைக்கலாம், அதை அங்கீகரிக்கப்பட்ட கைவினைஞர் ஒருவர்தான் செய்யவேண்டும், அவருக்குப் பத்தொன்பது மாதத்துக்கு நேரமில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்து, அதே நிலையில், குறிக்கு ஒரு சாண் கீழே, துளைபோட்டு நான்கு திருகாணியால் ஒரு நீலப் பலகையைப் பூட்டினார்கள். இந்த மரத்தில் திருகாணி போடக்கூடாது என்றல்லவா எனக்குச் சொன்னார்கள் என்று கேட்டேன். அது தடுப்புக்கான திருகாணி, இது நினைவுக்கான திருகாணி என்று விளக்கிவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பால் வாங்க வந்தவர்களுக்குக்கூட வாய்க்குள் முணுமுணுத்துத்தான் பதில் சொன்னேன்.

தைப்பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் தவநாயகியின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கவுன்சிலின் பாரம்பரிய அதிகாரியே கொண்டுவந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு தமிழ்ப் பையன், பெயர் லதீசன். லண்டனின் ஹரோவில் பிறந்து வளர்ந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் போனவனாம். குறியின் மேல் எந்தப் பொருளையும் பூசுவது தண்டனைக்குரிய குற்றம் என்று கடிதம் சொன்னது. தன் வீட்டு வாசலுக்குப் பொட்டு வைத்தால் வழக்கு. தவநாயகி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்கு அவனைக் கண்டதும் ஒரு தெம்பு வந்திருந்தது. நம் பிள்ளை, இவனுக்கு விளக்கவேண்டியதில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, நேரே கேட்டேன்.

"தம்பி, இது என்னெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் அங்கிள். எங்கட அம்மாவும் ஹரோவில நிலைக்கு வைக்கிறவ. பட், எனக்குத் தெரியிறது ஃபைல்ல இல்லை."

"அப்ப ஃபைல்ல போடுமன்."

"சோர்ஸ் கேப்பினம் அங்கிள்."

"நான்தானே சோர்ஸ்."

"நீங்கள் அப்ளிகண்ட். அப்ளிகண்ட் சோர்ஸா இருக்க ஏலாது."

அவன் கெட்டவனில்லை. சொல்லும்போது கண் கலங்கியது மாதிரியும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான், இந்தக் குறிதான் தன் கோப்பில் ஏறிய முதல் பெரிய கண்டுபிடிப்பு, மேலதிகாரிகள் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றும் சொன்னான். தவநாயகி அவனுக்கு வடை கொடுத்தனுப்பினாள். அந்த வருடம் பொங்கல் பானையைப் பின்னறையில் வைத்துப் பொங்கினோம். அவள் வாசல் பக்கம் திரும்பவேயில்லை.

பங்குனியில் சபை ஒரு விழா அறிவித்தது. குறியை முறைப்படி திறந்துவைப்பதாம். அட்டவணையைப் பார்த்து, வருடத்திலேயே ஆறு அதிகமாகப் பெருகும் நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பின்னேரம் மூன்று நாற்பது. நானூறு வருடத்துக்கு முன் படகோட்டி கண்ட காட்சியை, ஆறு வாசலுக்கு வரும் அந்தக் காட்சியை, ஊர் நேரில் காணவேண்டும் என்பது நோக்கம். எனக்கும் அழைப்பிதழ் வந்தது, "தற்போதைய வசிப்பாளருக்கு" என்று. நான் ஆஷ்கோம்ப் அம்மையாரின் வீட்டுக்கு மேடேறிப் போய், என் மனைவி பின்னறையில் நடக்கமுடியாமல் இருக்கிறாள், தண்ணீர் உள்ளே வந்தால் விழுந்துவிடுவாள், அந்த ஒரு நாளைக்காவது பலகை வைக்க விடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, மிஸிஸ் ஞானாவுக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கச் சொல்கிறேன் என்றார். மேட்டிலிருந்து இறங்கி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

விழாவுக்கு முதல் நாள் நிலையின் இரண்டு பக்கத்தையும் மூடி ஊதா நிற வெல்வெட் திரை கட்டினார்கள். மறுநாள் காலை கடையைத் திறந்தபோது தவநாயகி ஒரு வாளியும் பாத்திரம் கழுவுகிற பச்சைப் பஞ்சும் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள். கைத்தடியைச் சுவரில் சாத்தியிருந்தாள்.

"என்னப்பா செய்யிறாய்?"

"வீட்டுக்கு நல்லது நடக்கவேணுமெண்டு வைச்சனான். அதாலதான் தண்ணி உள்ள வருமெண்டா, அது எனக்கு வேண்டாம்."

தடுக்கவேண்டும் என்று தோன்றியது. வாசல் குங்குமத்தைத் தன் கையாலேயே அழிப்பது எங்கள் பெண்களுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, சவர்க்கார நுரையோடு, பதினாறு பொங்கலையும் தேய்த்து எடுத்தாள். வாளித் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போய்ப் பாண் பெட்டிகளை அடுக்கினேன். முடித்துவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பிரவீணனுக்குப் போன் அடியுங்கோ," என்றாள். அவன் பலகையோடும் சட்டங்களோடும் வந்து, திரைக்குப் பின்னால் நின்று நாற்பது நிமிடத்தில் பூட்டிவிட்டுப் போனான்.

மூன்று மணிக்கு வீதியில் நாற்காலிகள் நிறைந்தன. ஆஷ்கோம்ப் அம்மையார் இறப்பர் சப்பாத்தோடு பேச எழுந்தார்.

"நண்பர்களே, மற்ற ஊர்கள் ஆற்றிடம் சுவர் எழுப்பிச் சண்டை போட்டன. ஸ்வான்ஹைத் அப்படிச் செய்யவில்லை. நாங்கள் தண்ணீருக்கு அஞ்சியதில்லை; மேட்டிலிருந்து அதை நேசித்திருக்கிறோம். இந்த ஊரின் கதவுகளையும் கற்களையும் முன்பிருந்தபடியே காத்துவிட்டோம். மனிதர்கள்தான் மாறிவிட்டார்கள், அதைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை."

பலத்த கைதட்டல். தண்ணீர் முன்வரிசைக்காரரின் சப்பாத்தைத் தொட்டது. அம்மையார் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. நீலப் பலகை இருந்தது, அதற்கு மேலே வெறும் மரம் இருந்தது, சற்று வெளிறி, இன்னும் ஈரமாக. கீழே என் இரண்டு அலுமினியச் சட்டங்கள் பளபளத்தன.

அம்மையார் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். ஆனால் ஆறு காத்திருக்கவில்லை. கணுக்காலுக்கு வந்தது, பிறகு கெண்டைக்காலுக்கு வந்தது. நான் பலகையைச் சட்டத்துக்குள் இறக்கினேன். பின்வரிசை நாற்காலிகள் மிதக்கத் தொடங்கியபோது, அங்கீகாரம் பெறாத என் பலகையைப் பிடித்துத் தாண்டி, சபையின் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கடைக்குள் வந்தார்கள். பாண் தட்டுக்கும் ஃபிரீசருக்கும் நடுவில் இருபத்துமூன்று பேர் காய்ந்த நிலத்தில் நின்றார்கள். டொக்டர் பெம்பர்டன் ஒரு கறிவேப்பிலைக் கட்டை எடுத்து, இது எந்தக் காலத்தது என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

லதீசன் மட்டும் பலகைக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் நின்றான். அறிக்கை எழுதவேண்டியது அவன். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குறி எப்படி அழிந்தது என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துக் கேட்டான். தவநாயகி கைத்தடியோடு மெல்ல நடந்து பலகையருகே வந்தாள்.

"நான்தான் வைச்சனான், நான்தான் அழிச்சனான். அப்பிடியே எழுதும் தம்பி. இங்கிலீசிலயும் சொல்லுறன்."

இங்கிலீசிலும் சொன்னாள், எல்லோருக்கும் விளங்கும்படி. வாளியையும் பஞ்சையும் கொண்டுவந்து காட்டினாள். பஞ்சு இன்னும் மஞ்சளாக இருந்தது. வழக்குப் போடட்டும், கோர்ட்டில் வைத்துச் சொன்னாலாவது ஒரு இடத்தில் எழுதித்தானே ஆகவேண்டும் என்று அவள் நினைத்தது அவள் முகத்தில் தெரிந்தது. ஆஷ்கோம்ப் அம்மையார் அவளுடைய தோளைத் தொட்டார். பாவம், அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறார் என்றார். பிறகு காய்ந்த நிலத்தில் நின்றபடியே, லதீசன் எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நானூறு வருடம் நின்ற ஒரு குறியை ஒரு பஞ்சு அழித்துவிட முடியாது. அதை ஆறு எடுத்துக்கொண்டது. ஆறு தன்னுடையதைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டது."

லதீசன் தவநாயகியைப் பார்த்தான். அவள் தலையை அசைக்கவில்லை. அவன் குனிந்து எழுதினான்.

ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. குறி அழிந்துவிட்டதால் நிலைக்குப் பாதுகாப்புத் தேவையில்லை, தடுப்புப் பலகை இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை லதீசன்தான் சேர்த்திருக்கவேண்டும். அந்த வரிக்காக அவனுக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். தவநாயகி அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்கவில்லை.

ஆனால் ஐந்தடியில் இருந்த குறியை ஆறு எடுத்துக்கொண்டது என்றால், ஆறு ஐந்தடிக்கு ஏறியிருக்கவேண்டும். இந்த ஊரில் பெரிய வெள்ளம் வந்தால் அது ஏறிய உயரத்தில் சுவரில் கோடு வெட்டித் திகதி போடுவார்கள். மே மாதத்தில் ஒரு கல்தச்சர் வந்து, என் கடைச் சுவரில், தவநாயகியின் உச்சந்தலைக்கு இரண்டு விரல் மேலே ஒரு கோடு வெட்டினார். ஸ்வான்ஹைத்தின் வரலாற்றில் மிகப் பெரிய வெள்ளம் அதுதான். அன்று என் பலகையைப் பிடித்துத் தாண்டிய இருபத்துமூன்று பேரும் அந்த அறிக்கையில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் ஆஷ்கோம்ப் அம்மையார் ஆட்களைக் கூட்டிவந்து காட்டுகிறார். போன கிழமை வந்தவர்களில் ஒரு பெண் சுவரில் வெட்டிய கோட்டைப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கடைக்குள் யாராவது இருந்தார்களா என்று பதறிக் கேட்டாள். அம்மையார் அறிக்கைக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். நல்லவேளை, உள்ளே யாரும் இருந்ததாகப் பதிவில்லை என்றார். எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள்.

தவநாயகி வாசலில் நின்று அந்தப் பெண்ணுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பி, வேறு யாருடைய வீட்டுச் செய்தியையோ சொல்வதுபோல, "இஞ்சாருங்கோ, அண்டைக்கு உள்ளுக்கை ஒருத்தரும் இருக்கேல்லையாம்," என்றாள்.

அட்டவணைப்படி தண்ணீர் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இல்லாத எங்கள் இரண்டு பேருக்காகவும் நான் பலகையைத் தூக்கிவந்து வாசலில் இறக்கினேன்.